வண்டி எஞ்சினை வீட்டில் பழுது பார்ப்பது: பிரிப்பதற்கு முன் ஒரு பாடம்



சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் அஸருக்குப் பிறகு அலுவலகத்தைத் திறந்த நேரத்தில், வட்டியில்லாக் கடன் கேட்டு ஒரு தாய் வந்தார். படிவத்தில் 'வண்டி பழுது' என்று எழுதியிருந்தது. வண்டி எந்த ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது என்று கேட்டோம். "வண்டி வாசல்லதான் நிக்குது தம்பி. எஞ்சின் சாக்குல இருக்கு" என்றார்.

முதலில் எங்களுக்குப் புரியவில்லை. மறுநாள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். ஓர் அரிசிச் சாக்கில் ஹெட், பிளாக், பிஸ்டன், போல்ட்டு, நட்டு, வாஷர் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. மகன் காலையில் பால் பாக்கெட்டும் மாலையில் ஓட்டல் சாப்பாடும் கொண்டு சேர்க்கிறவர். அந்த 100 சிசி வண்டி ஓடினால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும். வண்டி கிளம்பும்போது நன்றாக இருக்கும். இரண்டு கிலோமீட்டர் போனதும் இழுவை குறைந்து நின்றுவிடும். பத்து நிமிடம் விட்டு உதைத்தால் மறுபடியும் ஓடும். தெருவில் யாரோ "ரிங் போயிருக்கும்" என்று சொல்லியிருக்கிறார்கள். எஞ்சினைப் பிரித்துப் பூட்டக் கூலி மட்டும் 1,500 ரூபாய் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கூலியை மிச்சம் பிடிக்கலாம் என்று தம்பி செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டே இரவோடு இரவாக வராந்தாவில் பிரித்துவிட்டார்.

பிரிப்பது சுலபமாகவே இருந்திருக்கிறது. பூட்டும்போதுதான் வந்தது வினை. பிஸ்டனை பிளாக்குக்குள் அழுத்தி நுழைத்ததில் ரிங் ஒன்று உடைந்தது. பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் சின்னஞ்சிறு சர்க்கிளிப் ஒன்று எஞ்சினின் அடி வாய்க்குள் விழுந்துவிட்டது. பயந்துபோய் எல்லாவற்றையும் அள்ளிச் சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார்.

லேத்துக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் சேர்த்து 6,800 ரூபாய் ஆனது. வண்டி வெளியே வந்தபோது அல்ஹம்துலில்லாஹ் என்று எல்லோரும் மூச்சுவிட்டோம். மறுநாள் அதிகாலை, பால் பாக்கெட்டுகளோடு கிளம்பிய வண்டி அதே இரண்டாவது கிலோமீட்டரில் நின்றது.

போன் செய்ததும் மெக்கானிக் வந்தார். எஞ்சின் பக்கம் அவர் கையே போகவில்லை. பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தார். 'புஸ்' என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து உதைத்தார், வண்டி ஓடியது. டேங்க் மூடியில் காற்று போவதற்கு ஒரு நுண்ணிய துளை இருக்கும். பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்ப அந்தத் துளை வழியாகக் காற்று வர வேண்டும். துளை அடைத்துக்கொண்டால் கொஞ்ச தூரம் ஓடியபின் கார்பரேட்டருக்குப் பெட்ரோல் இறங்காது. நின்றிருக்கும்போது எங்கிருந்தாவது சிறிது காற்று கசிந்து உள்ளே போகும், மறுபடியும் ஓடும். அந்தத் துளையில் அழுக்கு அடைத்திருந்தது. ஆரம்பத்திலிருந்து பழுது அவ்வளவுதான். ரிங்கில் எந்தக் குறையும் இருந்ததில்லை.

அந்தத் தம்பியை நாங்கள் குறை சொல்லவில்லை. சோம்பேறியாக இருந்திருந்தால் அவர் ஸ்பானரையே தொட்டிருக்க மாட்டார். நம் மஹல்லாவில் இரு சக்கர வண்டியை நம்பிப் பிழைக்கும் வீடுகள் நிறைய. அவர்கள் வீட்டிலேயே கொஞ்சம் பழுது பார்த்துக்கொண்டால் மாதச் செலவில் உண்மையாகவே மிச்சமாகும். ஆனால் பழுது பார்ப்பது என்றால் முதலில் பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது. பிரிப்பது கடைசி வேலை. இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தச் சாக்குதான் சாட்சி.

வண்டி ஓடவில்லையா? மூன்றைப் பாருங்கள்

பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று விஷயங்கள் வேண்டும்: காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலந்து வர வேண்டும், சரியான நேரத்தில் தீப்பொறி வர வேண்டும், பிஸ்டன் மேலே வரும்போது கலவை நன்றாக அழுத்தப்பட வேண்டும். மெக்கானிக்குகள் இந்த மூன்றாவதைக் 'கம்ப்ரஷன்' என்பார்கள். ஸ்டார்ட் ஆகாத வண்டியில் இந்த மூன்றில் ஒன்றாவது குறைந்திருக்கும். எது என்று கண்டுபிடிக்க எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை. ஒரு ப்ளக் ஸ்பானரும் அரை மணி நேரமும் போதும்.

அதற்கும் முன்னால் கில் ஸ்விட்சைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், பிள்ளைகள் விளையாட்டாகத் தட்டிவிட்ட கில் ஸ்விட்சுக்காக வண்டியை ஒர்க்‌ஷாப் வரை தள்ளிக்கொண்டு போனவர்கள் நம்மில் உண்டு. புதிய வண்டிகள் பலவற்றில் சைடு ஸ்டாண்டு இறங்கியிருக்கும்போது கியர் போட்டால் எஞ்சின் நின்றுவிடும். அது பழுதல்ல, பாதுகாப்பு ஏற்பாடு.

ப்ளக்கைக் கழற்றும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஹெட் அலுமினியம், சூட்டோடு திருகினால் மரை உரிந்து வரும். கழற்றுமுன் ப்ளக்கைச் சுற்றியிருக்கும் மண்ணை ஊதித் தள்ளுங்கள். இல்லாவிட்டால் அது நேரே பிஸ்டன் மேல் விழும். கழற்றிய ப்ளக்கின் முனையைப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் என்றால் எஞ்சின் நலமாக இருக்கிறது. காய்ந்த கரியாகக் கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டரைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரக் கருப்பு என்றால் எஞ்சின் ஆயில் மேலே ஏறுகிறது. வெளுத்துச் சுண்ணாம்பு போல இருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது அல்லது எங்கோ வெளிக்காற்று கலக்கிறது.

தீப்பொறியைப் பார்க்க, ப்ளக்கை அதன் கேப்பில் மாட்டி, ப்ளக்கின் மரைப் பகுதியை எஞ்சினின் ஓர் உலோகப் பகுதியில் படும்படி வையுங்கள். ப்ளக் கழற்றிய துளைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. உதைக்கும்போது அந்தத் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், தீப்பிடிக்கும். ப்ளக்கின் உலோகத்தை வெறும் கையால் பிடிக்கவும் கூடாது. சாவியைத் திருப்பி உதைத்தால் நீல நிறத்தில் பளிச்சென்று பொறி வர வேண்டும். வராவிட்டால் முதலில் வேறு ப்ளக் போட்டுப் பாருங்கள். பிறகு கேப், மழைத்தண்ணீர் இறங்கிய கேப்பால் நின்ற வண்டிகள் ஏராளம்.

கம்ப்ரஷனைப் பார்ப்பது இன்னும் எளிது. சாவியை அணைத்துவிட்டு, ப்ளக் துளையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு இன்னொருவரை உதைக்கச் சொல்லுங்கள். நல்ல எஞ்சின் விரலைத் தள்ளிவிடும். தள்ளவில்லை என்றால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை அந்தத் துளை வழியாக விட்டு, நாலைந்து முறை உதைத்துவிட்டு மறுபடியும் பாருங்கள். இப்போது அழுத்தம் கூடினால் ரிங்கோ பிளாக்கோ தேய்ந்திருக்கிறது. இடைவெளியை ஆயில் தற்காலிகமாக அடைத்ததால்தான் கூடியது. ஆயில் விட்ட பிறகும் மாற்றமில்லை என்றால் வால்வு சரியாக மூடவில்லை. இதைத் தெரிந்துகொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் "எல்லாத்தையும் மாத்தணும் பாய்" என்று சொல்பவரிடம் நீங்கள் இரண்டு கேள்வி கேட்க முடியும்.

சைலன்சர் புகையும் ஓரளவு சொல்லிவிடும். தொடர்ந்து நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிட்டால், பெரும்பாலும் வால்வு ஆயில் சீல். அதற்காக போர் போட வேண்டியதில்லை. கரும்புகை என்றால் பெட்ரோல் வீணாகிறது. குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வரும் வெண்புகை வெறும் நீராவி.

2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ்.6 வண்டிகளில் பெரும்பாலும் கார்பரேட்டர் இல்லை; கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோல் பீய்ச்சப்படுகிறது. அவற்றில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்தால் வீட்டில் எதையும் நோண்டாதீர்கள். பெட்ரோல் குழாயில் அழுத்தம் இருக்கும். பழுதைப் படிக்கத் தனிக் கருவியும் வேண்டும். வாரண்டி உள்ள வண்டியையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

ஆயில்

எங்கள் கடன் பதிவேட்டில் 'எஞ்சின் ஜாம்' என்று எழுதப்பட்ட விண்ணப்பங்களைப் புரட்டும்போது மனம் கனக்கிறது. அவர்களிடம் பேசிப் பார்த்ததில் அநேகமாக எல்லோரும் சொன்னது ஒன்றே: ஆயில் குறைந்ததைப் பார்க்கவில்லை. 100 சிசி வண்டியின் எஞ்சினில் இருப்பது ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில்தான். ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளின் பிஸ்டன் 50 மி.மீ. விட்டம் உள்ளது, ஏறக்குறைய ஒரு தேநீர் டம்ளரின் வாய் அகலம். அது நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை ஏறி இறங்குகிறது. காற்றால் மட்டுமே குளிரும் இந்த எஞ்சின்களில் உராய்வைத் தடுப்பதோடு சூட்டைச் சுமந்து வெளியேற்றுவதிலும் ஆயிலுக்குப் பங்கு உண்டு. அது பாதியாகிவிட்டால் பிஸ்டன் பிளாக்கைக் கவ்விக்கொள்ளும். அதுதான் ஜாம்.

ஆயில் அளவு பார்க்க மெக்கானிக் தேவையில்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூட வாப்பாவின் வண்டியில் பார்த்துச் சொல்லலாம். எஞ்சினை மூன்று நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, மேலும் மூன்று நிமிடம் பொறுங்கள். எஞ்சினின் பக்கத்தில் உள்ள ஆயில் மூடியைத் திருகி எடுத்தால் அதோடு ஓர் அளவுக்குச்சி வரும். துணியால் துடைத்து, திரும்ப உள்ளே விடுங்கள்; ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் திருகி இறுக்காமல் சும்மா வைத்து எடுக்க வேண்டும். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் ஆயில் தெரிய வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்துப் பார்த்தால் கணக்கு தப்பும். வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை காலை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. கணவர் இரவு வெகுநேரம் கழித்து வருகிறவர் என்றால் வீட்டில் இருக்கும் சகோதரிகள் இதைச் செய்யலாம். நம் பகுதியில் சிலர் செய்கிறார்கள்.

மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறு. கூடுதல் ஆயில் இருந்தால் கூடுதல் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். அது அழுத்தம் கூடி சீல்களையும் ஏர் ஃபில்டரையும் தேடிப் போகும்.

ஆயில் வாங்கும்போது டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்று இருக்கிறதா பாருங்கள். கியர் வண்டிகளில் கிளட்ச் பிளேட்டும் அதே ஆயிலில்தான் ஊறிக்கொண்டிருக்கிறது. காருக்கான ஆயில்கள் பலவற்றில் வழுக்கலைக் கூட்டும் பொருள் சேர்த்திருப்பார்கள். அதை ஊற்றினால் கிளட்ச் நழுவும். மச்சான் காருக்கு வாங்கி மிஞ்சிய ஆயில் சும்மாதானே இருக்கிறது என்று ஊற்றிவிட்டு, பிறகு கிளட்ச் பிளேட்டுக்குச் செலவழித்தவரும் நம்மிடையே இருக்கிறார். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். நாள் முழுவதும் நின்று நின்று ஓடுகிற டெலிவரி வண்டிக்கு அதைவிடச் சற்று முன்னதாகவே மாற்றுவது நல்லது.

ஆயிலை வீட்டில் நாமே மாற்றும்போது நடக்கும் பெரிய தவறு, அடியில் உள்ள டிரெய்ன் போல்ட்டை உயிரைக் கொடுத்து இறுக்குவது. போல்ட் இரும்பு, எஞ்சின் கேஸ் அலுமினியம். நீண்ட கைப்பிடி போட்டு இறுக்கினால் மரை கேஸ் பக்கம்தான் போகும். போய்விட்டால் புது மரை வெட்டிப் புதைக்க லேத்துக்குப் போக வேண்டும். போல்ட்டை முதலில் விரலாலேயே பாதிக்கு மேல் திருகுங்கள். விரலுக்கு இடக்குப் பண்ணினால் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம், கழற்றி மறுபடியும் ஆரம்பியுங்கள். வாஷர் நசுங்கியிருந்தால் புதிது போடுங்கள். ஸ்பானரைத் தலைக்குப் பக்கத்தில் பிடித்து, மணிக்கட்டு பலத்தில் இறுக்கினால் போதும். டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேட்டில் உள்ள அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். ப்ளக்குக்கும் இதே ஜாக்கிரதை வேண்டும்: விரலால் கடைசி வரை திருகிய பிறகு, புது ப்ளக் என்றால் அரைச் சுற்று; ஏற்கெனவே போட்டிருந்தது என்றால் சற்றே ஒரு திருப்பு.

ஏர் ஃபில்டர், டேப்பெட்

ஸ்பாஞ்சு ஃபில்டர் என்றால் கழுவிக் காயவைத்து, கொஞ்சம் ஆயில் தடவிப் பிழிந்து போடலாம். எண்ணெய்ப் பசையுள்ள காகித ஃபில்டரைக் கழுவவோ காற்றடிக்கவோ கூடாது; மாற்றத்தான் வேண்டும். பெட்ரோல் பங்கில் காற்றடித்தால் புதிதாகிவிடும் என்பது வெறும் நம்பிக்கை.

டேப்பெட் வைப்பதை, கை பழகியவர்கள் மட்டும், ஃபீலர் கேஜ் இருந்தால் மட்டும் செய்யுங்கள். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஃப்ளைவீலில் உள்ள 'டி' குறியைக் கேஸில் உள்ள குறியோடு சேர்த்துவிட்டு, இரண்டு ராக்கர்களும் தளர்ந்து ஆடுகின்றனவா என்று விரலால் அசைத்துப் பாருங்கள். ஆடவில்லை என்றால் பிஸ்டன் மேலே இருந்தாலும் அது புகை தள்ளுகிற சுற்று. இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். இதைக் கவனிக்காமல் வைத்தால் எல்லாமே தப்பாகும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். டேப்பெட் சத்தம் கேட்கிறது என்று இறுக்கி வைத்துச் சத்தத்தை அடக்குகிறவர்கள் உண்டு. இறுக்கமான வால்வு முழுதாக மூடாது. மூடாத எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை ஹெட்டுக்கு இறக்க முடியாமல் எரிந்து போகும். லேசாக 'டிக் டிக்' கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

இதற்குமேல் போகிறவர்களுக்கு

ஹெட்டையும் பிளாக்கையும் கழற்றும் வேலையை, ஏற்கெனவே ஒருவர் பக்கத்தில் இருந்து செய்து பார்த்தவர்கள்தான் வீட்டில் செய்ய வேண்டும் என்பது எங்கள் கருத்து. பிஸ்டனும் பிளாக்கும் தேய்ந்திருந்தால் எப்படியும் லேத்தில் போர் போட்டு, 0.25 அல்லது 0.50 மி.மீ. பெரிய பிஸ்டன் போட வேண்டும். அதற்கு அளவெடுக்கும் கருவி வீட்டில் இருக்காது. அடியிலிருந்து 'டொக் டொக்' என்று கனத்த சத்தம் வந்தால் கனெக்டிங் ராடோ கிராங்க் பேரிங்கோ. அதற்கு எஞ்சின் கேஸையே இரண்டாகப் பிளக்க வேண்டும், பிரஸ் வேண்டும். ஓட்டாமல் உடனே ஒர்க்‌ஷாப்புக்கு ஏற்றிச் செல்லுங்கள்.

அப்படியும் பிரிப்பவர்கள் ஒவ்வொரு கட்டத்தையும் செல்போனில் படம் எடுங்கள். போல்ட்டுகளை முட்டை அட்டையில், கழற்றிய வரிசையில் வையுங்கள். பிளாக்கைத் தூக்கியதும் கீழே உள்ள வாயைச் சுத்தமான துணியால் அடையுங்கள். அந்தத் தம்பி இதை மட்டும் செய்திருந்தால் சர்க்கிளிப் உள்ளே விழுந்திருக்காது. ரிங்கில் எழுத்து இருந்தால் அது மேல் பார்க்க வேண்டும். ரிங்குகளின் வாய்கள் ஒரே நேர்கோட்டில் வராமல் பிரிந்து நிற்க வேண்டும். பழைய கேஸ்கெட்டை மறுபடியும் போடாதீர்கள்.

வேலை செய்யும் இடம் பற்றி வீட்டுப் பெண்கள்தான் கண்டிப்பாக இருக்க வேண்டும். அடுப்படிக்குப் பக்கத்தில் பெட்ரோல் டப்பாவைத் திறக்க விடாதீர்கள். மூடிய அறையிலோ கதவடைத்த வராந்தாவிலோ எஞ்சினை ஓடவிடவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளைக் கொல்லும். சைலன்சர் ஆறும்வரை சின்னப் பிள்ளைகளைக் கிட்டே விட வேண்டாம். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் டப்பாவில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். அவர்கள் சேர்த்து வைத்து விற்பார்கள். கையில் பட்டதைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

சாக்குத் தம்பி இப்போது கடனில் பாதியை அடைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு நம் அலுவலக வாசலில் வண்டி கொண்டு வருகிறவர்களுக்கு ஆயில் அளவு பார்க்கச் சொல்லித் தருவதும் அவர்தான். முதல் வேலையாக டேங்க் மூடியைத் திறந்து ஊதிப் பார்க்கிறார். இன்ஷா அல்லாஹ், வரும் வாரமும் உண்டு. வண்டியின் கையேடு வீட்டில் இருந்தால் எடுத்து வாருங்கள்.

ஃபீலர் கேஜ், ப்ளக் ஸ்பானர், டார்க் ரெஞ்ச் ஆகியவற்றை அலுவலகத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுத்துச் சென்று, இரண்டு நாட்களில் திருப்பித் தர வேண்டும். அவை எல்லோருக்குமான அமானிதம். 10 எண் ரிங் ஸ்பானர் ஒன்றை நோன்புப் பெருநாளுக்கு முன்பிருந்தே காணவில்லை. எடுத்துச் சென்றவர் கொண்டுவந்து கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.